உறையை என் கண்ணெதிரே கிழியுங்கள், டாக்டர்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல் மருத்துவம் பார்க்கும் அனைவருக்கும்,

வணக்கம். ஒரு மவுஸைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் மேசையில் கிடக்குமே, அந்த மவுஸ்.

நான்கு மாதங்களுக்கு முன் ஒரு பல் கிளினிக்கின் சாய்வு நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தேன். கிளினிக்கின் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். கீழ்க் கடைவாய்ப் பல்லில் வேர்ச்சிகிச்சை. டாக்டர் விரல்நுனி அளவு சென்சாரை வாய்க்குள் வைத்து எக்ஸ்ரே எடுத்தார். கண்ணை இமைத்துத் திறப்பதற்குள் படம் எதிரே திரையில் வந்து நின்றது. வேரின் நுனியில் சிறு கருநிழல். "இதுதான் சார் உங்கள் வலி" என்றார். 34 ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன் நான். எக்ஸ்ரேயைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். என் வலியை என் கண்ணாலேயே பார்த்தபோது மெய்சிலிர்த்தது உண்மை.

அந்த நிழலைப் பெரிதாக்கிக் காட்ட டாக்டர் மவுஸைப் பிடித்தார். சற்று முன் என் வாய்க்குள் இருந்த கையுறை அது. எச்சில் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று முறை சொடுக்கினார். அதே கையுறையோடு திரும்ப என் வாய்க்குள் வந்தார்.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியிலிருந்து எழுந்து போனவர் வெற்றிலை போட்டுச் சிவந்த வாயோடு ஒரு பெரியவர். அவருக்கும் அதே திரையில்தான் படம் காட்டியிருப்பார்கள். அதே மவுஸால்தான்.

வாயில் கருவி இருக்கும்போது பேச முடியாது. மற்ற மருத்துவர்களிடம் போனால் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கலாம். உங்களிடம் வந்தால் கேள்வி கேட்க வேண்டிய உறுப்பைத்தான் முதலில் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. அன்று கேட்க முடியாமல் போனதை இன்று எழுதுகிறேன்.

என் பல்லைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தான். என் முன்பற்களில் பழுப்பு நிறத்தில் குறுக்குக் கோடுகள் உண்டு. எங்கள் தெருவில் என் வயதுக்காரர்கள் பாதிப் பேருக்கு உண்டு. காரணம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த மண்ணுக்கு அடியில் இருக்கும் கருங்கல் பாறையிலிருந்து தண்ணீரில் கரைந்து வரும் ஃப்ளூரைடு. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் ஆழ்துளைக் கிணறுகள் இந்தக் கணக்கையெல்லாம் கேட்டு நடந்துகொள்பவை அல்ல. எட்டு வயதுக்குள், ஈறுக்குள்ளே பல் உருவாகும்போதே எனாமல் கெட்டுவிடுகிறது. பிறகு என்ன தேய்த்தாலும் போகாது.

வகுப்பில் பெண் பிள்ளைகள் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார்கள். கூச்சம் என்றே பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். ஒருநாள் ஆய்வகத்தில் இரண்டு கைகளிலும் சோதனைக்குழாயைப் பிடித்திருந்த ஒரு பெண், மற்றவர்கள் அடித்த நகைச்சுவைக்குச் சிரிக்க முடியாமல் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். அன்றுதான் புரிந்தது. கைகள் காலியாக இருந்தால்தான் எங்கள் பிள்ளைகளால் சிரிக்க முடியும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டினார்கள், 2013இல் தண்ணீர் வந்தது. ஜப்பான் கடனுதவியில் வந்த அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் (ஃப்ளூரைடால் வரும் இந்தப் பாதிப்பு) தணிப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது. எங்கள் பேரப்பிள்ளைகள் காவிரித் தண்ணீர் குடித்து வளர்கிறார்கள். ஆனால் அதற்கு முன் பிறந்த தலைமுறைகள் இருக்கின்றனவே, அவர்கள் உங்கள் வாசலுக்குத்தான் வருகிறார்கள். கல்யாணம் நிச்சயமானதும் வருகிறார்கள், ஓசூர்க் கம்பெனியில் நேர்காணலுக்கு முன் வருகிறார்கள். வெண்மையாக்க, மேலே மெல்லிய தகடு ஒட்ட, கேப் போட. பிற ஊர்களில் வலி வந்தால்தான் பல் மருத்துவரைத் தேடுவார்கள். இங்கே சிரிக்க ஆசைப்பட்டும் தேடுகிறோம். ஆசையோடு வருகிறவன் எதையும் கவனித்துப் பார்ப்பதில்லை. அதனால்தான் இந்த ஊர்ப் பல் மருத்துவர்களுக்கு மற்ற ஊர்க்காரர்களைவிடப் பொறுப்பு கொஞ்சம் கூடுதல் என்கிறேன்.

இப்போது வாணியம்பாடிக்கு வருகிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். பக்கத்து மாவட்டம்தான். 2023 வாக்கில் அங்கே ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்கள் அடுத்தடுத்துக் காய்ச்சலும் தலைவலியுமாக விழுந்தார்கள். மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் நோய். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா அதற்குக் காரணம். அந்தப் பகுதியில் கண்டறியப்பட்ட நோயாளிகளில் 10 பேர் அந்த ஒரே கிளினிக்கோடு தொடர்புடையவர்கள். அந்தப் பத்தில் எட்டுப் பேர் இறந்துபோனார்கள். வேலூர் சி.எம்.சி. உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள் துருவிப் பார்த்து எழுதிய கட்டுரை 2025இல் லான்செட் மருத்துவ இதழ்க் குழுமத்தின் தென்கிழக்கு ஆசிய இதழில் வந்தது. நீங்கள் படித்திருப்பீர்கள். படிக்காதவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

எது கொன்றது? ஒரு சலைன் பாட்டில். சுத்தம் செய்யப்படாத கருவியால் அதன் வாயைத் திறந்து, வேலை முடிந்ததும் ஏதோ ஒன்றால் அரைகுறையாக அடைத்து, அடுத்தவருக்கும் அதையே ஊற்றியிருக்கிறார்கள். ஒரு பாட்டிலின் விலை ஒரு பிளேட் பிரியாணிக்கும் கீழே.

அந்தச் செய்தி வந்தபோது இங்கே எந்தக் கிளினிக்கிலும் எந்த அறிவிப்பும் நான் பார்க்கவில்லை. நாங்கள் அப்படிச் செய்வதில்லை, ஒருவருக்குத் திறந்ததை மற்றவருக்குப் பயன்படுத்துவதில்லை என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி ஒட்டியிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். மாறாக நான்கு ரோட்டிலிருந்து பேருந்து நிலையம் வரை கண்ணில் பட்டவை வேறு பலகைகள். லேசர் சிகிச்சை. முப்பரிமாண ஸ்கேன். வலியில்லா வேர்ச்சிகிச்சை, ஒரே நாளில் பல். எதுவும் பொய் என்று சொல்லவில்லை. எல்லாம் வாங்கி வைத்திருக்கிறீர்கள், பாராட்டுகிறேன். மாவு போல் எதையோ வாயில் திணித்து, குமட்டக் குமட்ட அச்செடுத்த காலத்தை நானும் அனுபவித்தவன். இப்போது பேனா போன்ற ஸ்கேனரை வாய்க்குள் ஓட்டினால் பல்வரிசை திரையில் எழும்பி நிற்கிறது. அந்த அச்சைக் கிருமிநீக்கம் செய்யாமலே லேபுக்கு அனுப்பும் தொல்லையும் அதோடு ஒழிந்தது.

ஆனால் புதிய கருவி ஒவ்வொன்றும் புதிய கழுவல் வேலை ஒன்றைக் கூடவே கூட்டி வருகிறது. பலகையில் அது வருவதில்லை. எக்ஸ்ரே சென்சாரை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் இயந்திரம்) வேகவைக்க முடியாது, உள்ளே மின்சுற்று இருக்கிறது. ஆகவே ஆளுக்கு ஒரு புது பிளாஸ்டிக் உறை போட வேண்டும், கழற்றியதும் கிருமிநாசினியால் துடைக்கவும் வேண்டும். ஸ்கேனரின் முனையை மட்டும் கழற்றி வேகவைக்கலாம், அதுவும் தயாரிப்பாளர் சொன்ன எண்ணிக்கைக்குள்தான். பல் அடைத்ததும் நீல ஒளி பாய்ச்சும் விளக்கின் நுனி வாய்க்குள்தான் போகிறது. கேமரா, மவுஸ், கீபோர்டு, நாற்காலியின் பொத்தான், தலைக்கு மேலே இருக்கும் விளக்கின் கைப்பிடி, போதாக்குறைக்கு டாக்டரின் செல்போன். என் தாத்தா காலத்துப் பல் வைத்தியர் இரண்டு பொருளைத்தான் தொட்டிருப்பார், குறடும் பல்லும். நீங்கள் பத்துப் பதினைந்தைத் தொடுகிறீர்கள். மவுஸுக்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி, ஆளுக்கு ஆள் மாற்றினால் போதும். அல்லது உதவியாளர் சொடுக்கட்டும்.

ஆட்டோகிளேவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச எனக்கு ஆசை. என் பாடம் அது. 1679இல் டெனி பாப்பின் மூடிய பாத்திரத்தில் நீராவியை அடைத்து எலும்பை வேகவைத்தார். அதே தத்துவத்தில் 1879இல் சார்லஸ் சாம்பர்லாண்ட் ஆட்டோகிளேவைச் செய்தார். சரியாக இருநூறு ஆண்டு இடைவெளி. நம் வீட்டுக் குக்கரும் அதே வம்சம்தான். சாதாரணமாகக் கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. ஓசூர் போன்ற மேட்டு நிலத்தில் ஏறத்தாழ 97லேயே கொதித்துவிடும். அந்தச் சூட்டில் சில பாக்டீரியாக்களின் வித்துகள் சாவதில்லை. ஆகவே கொதிநீரில் போட்டெடுத்தேன் என்பது பதிலாகாது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன் என்பது அதைவிட மோசமான பதில். அழுத்தத்தை ஏற்றி 121 டிகிரியில் 15 நிமிடத்துக்குக் குறையாமல், அல்லது 134 டிகிரியில் மூன்று நான்கு நிமிடம் நீராவி பட வேண்டும். பட வேண்டும் என்பதுதான் முக்கியம். காற்று தங்கிய இடத்தில் நீராவி நுழையாது.

பல்லைக் குடையும் உங்கள் ஹேண்ட்பீஸைப் பாருங்கள். நிமிடத்துக்கு மூன்று நான்கு லட்சம் முறை சுழலும் அந்தக் கருவியின் உள்ளே மெல்லிய குழாய்கள், காற்றுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று. சுழல்வதை நிறுத்தும் நொடியில் வாயிலிருக்கும் எச்சிலையும் இரத்தத்தையும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடியது அது. வெளியே துடைத்தால் உள்ளே என்ன ஆகும்? முதலில் காற்றை உறிஞ்சி வெளியேற்றிவிட்டுப் பிறகு நீராவியை விடும் பி வகுப்பு ஆட்டோகிளேவ்கள் இதற்காகத்தான் வந்தன. பலர் வைத்திருக்கிறீர்கள். நான் முதலில் சொன்ன கிளினிக்கிலும் இருந்தது, பளபளவென்று. ஆனாலும் என் வாய்க்கு வந்த ஹேண்ட்பீஸ் தட்டிலிருந்து வந்தது. பஞ்சால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.

ஏன் என்று பிறகு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாத்தியார் புத்தி. மாலை 5 முதல் 9 வரை 10 பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். ஒருவருக்கு 24 நிமிடம். பயன்படுத்திய ஹேண்ட்பீஸைக் கழுவி, எண்ணெய் விட்டு, தாள் உறையிலிட்டு, வேகவைத்து, உலர்த்தி எடுக்க 75 நிமிடம் என்று கொள்வோம். ஆக ஒரு ஹேண்ட்பீஸ் ஒரு சுற்று முடித்து மறுபடி கைக்கு வர 99 நிமிடம். அதை 24ஆல் வகுத்தால் நான்குக்குச் சற்று மேலே வருகிறது. அதாவது குறைந்தது 5 ஹேண்ட்பீஸ் வேண்டும். இரண்டே இரண்டை வைத்துக்கொண்டு மாலைக்குப் பத்துப் பேரைப் பார்க்கிறவர் எங்கோ ஒரு படியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். கெட்ட எண்ணம் தேவையில்லை, வகுத்தல் கணக்கே அவரைத் தாண்ட வைத்துவிடும். ஒரு ஸ்கேனருக்குக் கொடுக்கும் பணத்தில் எத்தனை ஹேண்ட்பீஸ் வாங்கலாம் என்பது எனக்குத் தெரிவதைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நம் ஊர்த் தண்ணீர் இந்த இயந்திரத்துக்கும் எதிரி. வீட்டுக் குக்கரின் அடியில் வெள்ளையாக உப்புப் படிவதைப் பார்க்கிறோம் அல்லவா, ஆட்டோகிளேவிலும் போர்த் தண்ணீரை ஊற்றினால் அதுவே. வால்வு அடைபடும், வெப்பமானி பொய் சொல்லும். காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, முதலிலிருந்து மறுபடியும். உறைகளைத் திணித்து அடுக்கினால் நீராவி புகாது. ஈரமாக வெளியே வரும் உறை கணக்கில் சேராது, ஈரத்தாள் வழியே கிருமி உள்ளே போய்விடும். உறையின் ஓரத்தில் நிறம் மாறும் குறி இருக்கிறது. அது மாறியிருந்தால் சூடு பட்டது என்று மட்டுமே பொருள். கிருமி செத்ததா என்று அறிய ஒரே வழி வித்துச் சோதனை. சூட்டுக்கு எளிதில் சாகாத பாக்டீரியா வித்துகள் உள்ள சிறு குப்பியைக் கருவிகளோடு உள்ளே வைத்து எடுத்து, பிறகு அது வளர்கிறதா என்று பார்ப்பது. வாரம் ஒருமுறை செய்ய வேண்டிய வேலை. உங்களில் எத்தனை பேர் செய்கிறீர்கள் என்று கை தூக்கச் சொல்லப் போவதில்லை. வகுப்பறைப் பழக்கம், வாய் வரை வந்துவிட்டது.

அடுத்தது நாற்காலியின் தண்ணீர்க் குழாய். பல்லைக் குடையும்போது பீய்ச்சும் தண்ணீர் மெல்லிய பிளாஸ்டிக் குழாயில் இரவெல்லாம் அசையாமல் நிற்கிறது. உட்புறம் வழவழவென்று பாசி போன்ற படலம் பிடிக்கிறது. கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்த எவருக்கும் இதை விளக்க வேண்டாம். 2011இல் இத்தாலியில் 82 வயது மூதாட்டி ஒருவர் பல் மருத்துவரின் குழாய்த் தண்ணீரில் இருந்த லீஜியோனெல்லா கிருமியால் நுரையீரல் காய்ச்சல் கண்டு இறந்தார். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இந்தத் தண்ணீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 500 பாக்டீரியாக் கூட்டங்களுக்கு மேல் இருக்கலாகாது என்கிறது. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் 20 முதல் 30 நொடி தண்ணீரை வீணாக ஓடவிடுங்கள். குழாய்க்கு உரிய மருந்தைப் போடுங்கள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நேராக இணைப்புக் கொடுத்திருந்தால் இன்றே துண்டித்துவிட்டுத் தனிப் பாட்டில் மாட்டுங்கள். ஈறைக் கிழிக்கும் வேலைக்கும் பல் பிடுங்குவதற்கும் இந்தத் தண்ணீரே ஆகாது, புதிதாகத் திறந்த சலைன்தான். வாணியம்பாடியிலும் சலைனைத்தான் எடுத்தார்கள் என்பது நினைவிருக்கட்டும். எடுத்த பொருள் சரி, திறந்த விதம் தவறு.

எக்ஸ்ரே விஷயத்தில் நான் உங்கள் பக்கம். எங்கள் ஆட்கள் அதைக் கண்டு தேவைக்கு மேல் அஞ்சுகிறார்கள். 1895 நவம்பரில் ரான்ட்கன் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஜனவரியிலேயே ஜெர்மனியில் ஓட்டோ வால்க்ஹாஃப் தன் பல்லையே படமெடுத்தார். 25 நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டியிருந்ததாம். இன்று நொடியில் ஒரு சிறு பங்கு போதும். ஒரு பல் படத்தில் வரும் கதிர், இயற்கையாகவே ஓரிரு நாளில் நம்மேல் படும் அளவுக்குள் அடங்கிவிடும். முப்பரிமாணப் படத்துக்கு அதைவிடப் பல மடங்கு ஆகும், ஆகவே காரணம் இருந்தால் மட்டும் எடுங்கள். கதிரைத் தேவையான இடத்துக்கு மட்டும் குறுக்கிவிட்டால் ஈயக் கவசம்கூட வேண்டியதில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024இல் சொல்லிவிட்டது. ஆனால் நாள்தோறும் அந்த அறையில் நிற்கும் உதவியாளரின் கதை வேறு. தூரம் இரு மடங்கானால் கதிர் நான்கில் ஒரு பங்காகக் குறையும். பத்தாம் வகுப்புக்கு நான் நடத்திய அதே விதி. சென்சாரைப் பிடித்துக்கொள்ள அந்தப் பெண்ணை நிறுத்தாதீர்கள், வெளியே அனுப்புங்கள். இயந்திரத்தை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு செய்திருந்தால் அந்தச் சான்றைச் சட்டம் போட்டு மாட்டுங்கள், லேசர் பலகைக்குப் பக்கத்திலேயே.

அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்கள் கிளினிக்குகளில் உதவியாளராக இருப்பவர்களில் சிலர் என் மாணவிகள். ப்ளஸ் டூ முடித்து, மேலே படிக்க வசதியில்லாமல் வந்தவர்கள். அன்று என்னைக் கண்டதும் "சார், நீங்களா!" என்று எழுந்து நின்றவளும் ஒருத்தி. வேலைக்கு வந்த அன்றே கருவி கழுவச் சொன்னார்களாம். மெல்லிய கையுறையோடு, முனை கூர்ந்த கருவிகளை, குழாயடியில். இரண்டு முறை குத்திக்கொண்டிருக்கிறாள். டாக்டரிடம் சொன்னாயா என்று கேட்டேன். "திட்டுவார் சார்" என்றாள். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி போட்டாயா என்றேன். அது என்ன என்றாள்.

டாக்டர்களே, அந்தத் தடுப்பூசியை நீங்கள் கல்லூரியில் படிக்கும்போதே போட்டிருப்பீர்கள். மூன்று தவணை. முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. மஞ்சள் காமாலை பி தரும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த இரத்தத் துளியில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கும். தடுப்பூசி போடாதவருக்கு, இரத்தம் பட்ட கருவி குத்தினால், எச்.ஐ.வி.யைவிட இந்த வைரஸ் தொற்றும் ஆபத்து பல மடங்கு. நாள் முழுக்க உங்கள் கருவிகளைத் தொடும் கை அவளுடையது. அவளுக்கு ஊசி போடாமல் ஆட்டோகிளேவ் வாங்கி என்ன பயன்? தடித்த கையுறை கொடுங்கள். குத்திக்கொண்டால் திட்டாமல் கேளுங்கள். நம் ஊர்ப் பெண் திட்டுக்குப் பயந்தால் நோயைக்கூட மறைத்துவிடுவாள், அவளை நான் ஐந்து ஆண்டு வகுப்பில் பார்த்தவன்.

குப்பை பற்றி ஒரு வரி. ஊசிகளையும் பிளேடுகளையும் குத்தித் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில் போட வேண்டும் என்று 2016 விதி இருக்கிறது. கிளினிக்குக்குப் பின்னால் உள்ள ஊராட்சித் தொட்டியில் துப்புரவுத் தொழிலாளி வெறுங்கையை விடுகிறார்.

எங்கள் மேலும் குற்றம் உண்டு, மறைக்கவில்லை. பல் பிடுங்க முந்நூறு என்றால் இருநூறு தருகிறேன் என்று பேரம் பேசுகிறோம். பாலக்கோடு சந்தையில் தக்காளிக் கூடைக்குப் பேசுவது போல. சர்க்கரை இருக்கிறதா, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறீர்களா என்று நீங்கள் கேட்டால், பல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று மறைக்கிறோம். காத்திருக்கச் சொன்னால் அடுத்த கிளினிக்குக்குப் போகிறோம். ஐந்தாவது ஹேண்ட்பீஸ் வேகட்டும், இருபது நிமிடம் பொறுங்கள் என்று நீங்கள் சொன்னால் முணுமுணுப்போம். முணுமுணுக்கட்டும், விடுங்கள். அதற்காகக் கட்டணத்தில் கொஞ்சம் கூட்டினாலும், ரசீதில் கருவி சுத்திகரிப்பு என்று தனியாக எழுதிக் கேளுங்கள். எதற்கு என்று தெரிந்தால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நான் கொடுப்பேன்.

மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1997 முதல் இருக்கிறது. அதிகாரிகள் வந்து பார்க்கட்டும், அது அவர்கள் வேலை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறவர் கண்ணைவிட, நாளுக்குப் பத்துப் பேராக நாற்காலியில் சாய்கிற எங்கள் கண் அதிகம் பார்க்கும். ஆகவே நான் கேட்பது மிகச் சின்ன விஷயம். கருவிகளை உறையோடு கொண்டுவாருங்கள். நாங்கள் உட்கார்ந்த பிறகு, எங்கள் கண்ணெதிரே, உறையைக் கிழியுங்கள். நிறம் மாறிய குறியை ஒரு நொடி காட்டுங்கள். சலைன் பாட்டிலின் மூடியை எங்கள் முன்னால் திறங்கள், மிச்சத்தை எங்கள் முன்னால் கீழே ஊற்றுங்கள். ஓட்டலில் தோசைக்கல்லை வாசலில் வைப்பதில்லையா, அப்படி ஆட்டோகிளேவையும் பின்கட்டில் ஒளித்து வைக்காமல் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வையுங்கள். எவருக்கும் இதில் அவமானம் இல்லை. சுத்தமாகச் செய்கிறவர்களுக்கு இது விளம்பரம். உங்களில் பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறீர்கள் என்று நம்பவே விரும்புகிறேன், பார்த்துவிட்டு நம்ப விரும்புகிறேன்.

ஒரு கிளினிக்கில் அதைப் பார்த்தும் இருக்கிறேன். சென்ற மாதம் மனைவிக்குச் சொத்தை அடைக்கப் போயிருந்தோம், இதே மாவட்டத்துக்குள்தான். சின்ன இடம், பழைய நாற்காலி. ஸ்கேனர், லேசர் எதுவும் இல்லை. அந்த இளம் பெண் டாக்டர் கை கழுவிவிட்டுப் புதுக் கையுறை மாட்டி, உறையை எங்கள் பக்கம் நீட்டி, "தேதி பாருங்கம்மா, இன்று காலை போட்டது" என்றார். பிறகு கிழித்தார். தாள் கிழியும் அந்தச் சத்தம் கேட்டதும் என் மனைவியின் கை நாற்காலிப் பிடியைத் தானாகவே விட்டது.

என் கடைவாய்ப் பல் வேலை இன்னும் பாதியில் நிற்கிறது. மேலே கேப் போட வேண்டும். பழைய கிளினிக்குக்கே போகலாம் என்றிருக்கிறேன், அந்த டாக்டர் நல்ல கைகாரர், வலி தெரியவில்லை. வரும் வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். வாயைத் திறப்பதற்கு முன்பே கேட்டுவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்